டெம்ப்ளேட்டில் இல்லாத வரி

நவம்பர் 3, திங்கள்

மரியான்துறை மீனவர் சங்கச் செயலாளர் வில்பிரட் அண்ணன் காலையில் கூப்பிட்டார். சங்கத்தின் வலைத்தளத்தில் புதிதாக மூன்று இடம் வேண்டுமாம். பக்கத்தின் மேலே மீன் விலைக்கு ஒன்று, ஓரத்தில் கோயில் அறிவிப்புக்கு ஒன்று, முகப்பின் நடுவில் நினைவஞ்சலிக்கு ஒன்று. கடலில் போன ஐந்து பேருக்கும் வருகிற இருபத்தொன்றாம் தேதி ஓராண்டு நிறைகிறது. அதற்குள் முடிய வேண்டும்.

"ஒனக்கு ஒரு நாள் வேலைதானே தம்பி?" என்றார்.

"ஆமாண்ணே" என்றேன்.

உண்மையிலேயே ஒரு நாள் வேலைதான். எங்கள் தொழிலில் இந்த இடங்களுக்கு ரீஜன் என்று பெயர். தளத்தின் தோற்றத்தை வைத்திருக்கும் தீமில் இரண்டு கோப்புகளைத் தொட வேண்டும். பட்டியல் கோப்பில் ரீஜனின் பெயர். டெம்ப்ளேட் கோப்பில், அது பக்கத்தில் எங்கே வர வேண்டும் என்று ஒரு வரி. இரண்டும் இருந்தால் சங்கத்து அலுவலகத்தில் இருப்பவர்கள் அதற்குள் எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். பெயர் மட்டும் இருந்து வரி இல்லாவிட்டால், அறை கட்டி வாசல் வைக்காத கதைதான். போட்டது சேவ் ஆகும், உள்ளேயே கிடக்கும், வெளியே ஒருவருக்கும் தெரியாது. புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்கள் செய்கிற தப்பு இது. நான் பதினொரு வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன்.

பிளம்பர் இன்றும் வரவில்லை. வீடு கட்டிக் குடிவந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் தண்ணீர் டேங்க் கசிகிறது. பிரமிளா என்னைத்தான் திட்டுகிறாள், நான்தான் கொத்தனார் போல.

நவம்பர் 4, செவ்வாய்

வேலை ஓடவில்லை. கோப்பைத் திறக்கவே இல்லை.

நவம்பர் 6, வியாழன்

திறந்தேன். பட்டியலில் ஏழு ரீஜன் பெயர்கள் இருக்கின்றன. டெம்ப்ளேட்டில் ஆறுக்குத்தான் வரி இருக்கிறது. 'அவசர அறிவிப்பு' என்பதற்கு மட்டும் இல்லை. ஏதாவது அப்டேட் போட்டபோது போயிருக்கும். இதெல்லாம் நடக்கிறதுதான்.

நிர்வாகப் பக்கத்தில் ஒரு வசதி உண்டு. அதை அழுத்தினால் தளத்தில் எந்தெந்த ரீஜன் எங்கெங்கே இருக்கிறது என்று மஞ்சள் கட்டங்களாகக் காட்டும். அழுத்திப் பார்த்தேன். ஆறு மஞ்சள் கட்டம். உச்சியில் இருக்க வேண்டிய ஏழாவது இல்லை. ஆறு என்று தெரிந்தும் மூன்று முறை எண்ணினேன். எதற்கு எண்ணினேன் என்று எனக்கே புரியவில்லை.

மீன் விலை, கோயில் அறிவிப்பு இரண்டையும் சேர்த்து முடித்துவிட்டேன். நினைவஞ்சலி பாக்கி.

நவம்பர் 7, வெள்ளி

வில்பிரட் அண்ணன் ஐந்து பேரின் படங்களை அனுப்பியிருக்கிறார். எல்லாவற்றையும் ஒரே அளவுக்கு வெட்ட வேண்டும். மூன்று படம் ஆதார் அட்டையிலிருந்து எடுத்தது. ஒன்று வள்ளத்தில் நின்றுகொண்டு வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கும் படம். ஐந்தாவது ஜஸ்டஸ், இருபத்து நான்கு வயது. கல்யாணப் படம் ஒன்றிலிருந்து அவனை மட்டும் பிரித்திருக்கிறார்கள். அவன் தோளில் யாருடைய கையோ இருக்கிறது. அந்தக் கையை எடுத்துவிட்டால் தோளும் போகும். எப்படி வெட்டினாலும் விரல்கள் வருகின்றன. அப்படியே விட்டுவிட்டேன்.

சாப்பிடக் கூப்பிட வந்த பிரமிளா திரையைப் பார்த்துவிட்டு, "இந்தப் பையன் யாரு? சிரிச்ச முகமா இருக்கானே" என்றாள். கிளையன்ட் என்றேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

நவம்பர் 10, திங்கள்

நினைவஞ்சலிக்கு மேலே வைக்க நான்கு வரி எழுதித் தரும்படி கேட்டார் வில்பிரட் அண்ணன். என்ன நடந்தது என்று எழுத வேண்டும். எழுதினேன், அழித்தேன். இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

மரியான்துறையில் முன்பெல்லாம் கோயில் மைக்கில் வானிலை சொல்வார்கள். தளம் வந்த பிறகு அது நின்றுபோனது. கரையில் ஏலக் கொட்டகையில் ஒரு டிவி மாட்டி, அதில் சங்கத்தின் முகப்புப் பக்கத்தை ஓடவிட்டார்கள். உச்சியில் சிவப்புப் பட்டை இருந்தால் யாரும் வள்ளம் இறக்கக் கூடாது. பட்டை இல்லாவிட்டால் போகலாம். இதுதான் அங்கே சட்டம். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் சிவப்பு தெரியும் என்று நான்தான் யோசனை சொன்னேன். திறப்பு விழாவில் எனக்குப் பொன்னாடை போட்டார்கள்.

சென்ற நவம்பர் இருபத்தொன்று. வியாழன். காலையில் புயல் எச்சரிக்கை சங்க அலுவலகத்துக்கு வந்தது. திரையில் சிவப்பு இல்லை. பதினொன்றரைக்கு இரண்டு வள்ளங்கள் தங்கலுக்குப் போயின. இரவு கடலில் தங்கிப் பிடித்துவிட்டு மறுநாள் வருவதற்குத் தங்கல் என்பார்கள். மறுநாள் அவை வரவில்லை.

எச்சரிக்கையைத் தளத்தில் போட வேண்டியவள் டெய்சி. சங்கத்தில் கணக்குப்பிள்ளை, டைப்பிஸ்ட் எல்லாம் அவள்தான். தான் போட்டதாகச் சொன்னாள். ஒருவரும் நம்பவில்லை. செல்போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்துவிட்டு மறந்தாள் என்றார்கள். வேலையை விட்டு அனுப்பினார்கள். வானிலை மறுபடி கோயில் மைக்குக்கே போய்விட்டது, டிவி மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. செத்த ஜஸ்டஸ் அவள் கணவனின் தம்பி. மாமியார் பனியம்மாள் அன்றோடு யாரிடமும் பேசுவதை நிறுத்திவிட்டார் என்று கேள்வி.

டெய்சி போட்டதாகச் சொன்னபோது வில்பிரட் அண்ணன் எனக்குப் போன் செய்து, "சைட்டுல எச்சரிக்கை ஏதாவது உண்டா தம்பி?" என்று கேட்டார். நான் பக்கத்தைத் திறந்து பார்த்து, "பக்கத்துல எதுவும் இல்லண்ணே" என்றேன். அது பொய் இல்லை. பக்கத்தில் எதுவும் இல்லை.

நவம்பர் 11, செவ்வாய்

டெம்ப்ளேட்டில் அந்த வரி இருந்த இடத்தில் ஒரு குறிப்பு இருக்கிறது. 'காலியாக இருந்தாலும் சிவப்புப் பட்டை தெரிகிறது. தற்காலிகமாக எடுத்தேன். திரவியம், அக்டோபர் 4.'

எதை மாற்றினாலும் பெயரும் தேதியும் போட்டுவைப்பது என் பழக்கம்.

நவம்பர் 12, புதன்

பிளம்பர் வந்தார். கசிவு டேங்கில் இல்லை, குழாயில் என்கிறார். சுவரை உடைக்க வேண்டுமாம்.

சென்ற வருஷம் அந்த அக்டோபரில் நடந்ததை நினைவுபடுத்திப் பார்த்தேன். அறிவிப்பு ஒன்றும் இல்லாத நாளிலும் போனில் பார்த்தால் உச்சியில் மெல்லிய சிவப்புக் கோடு தெரிகிறது, ஆட்கள் பயப்படுகிறார்கள் என்று வில்பிரட் அண்ணன் சொன்னார். உள்ளே ஏதாவது இருந்தால் மட்டும் பட்டையைக் காட்டு என்று ஒரு நிபந்தனை எழுதியிருக்க வேண்டும். ஐந்து நிமிஷ வேலை. நான் வரியையே எடுத்தேன். வீட்டு வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது, டைல்ஸ் கடையில் பிரமிளா காத்திருந்தாள். மறுநாள் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். மறுநாள் மறந்தேன்.

நவம்பர் 13, வியாழன்

பத்து நாளாக அழுத்தாமல் தள்ளிவைத்ததை இன்று அழுத்திவிட்டேன். அந்த ரீஜனுக்குள் என்ன கிடக்கிறது என்று பார்த்தேன்.

ஒரே ஒரு பிளாக், அதாவது ஒரு அறிவிப்புத் துண்டு. எழுதியவர்: சகாய டெய்சி. நவம்பர் 21 அன்று எட்டு முறை சேவ் செய்யப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் என்ன எழுதினாள் என்பதை மென்பொருள் நேரத்தோடு பத்திரமாக வைத்திருக்கிறது.

10:12. 'எச்சரிக்கை! இன்று மாலை முதல் கடல் கொந்தளிக்கும். யாரும் தங்கலுக்குப் போக வேண்டாம். போனவர்கள் உடனே கரை திரும்பவும்.'

10:19. அதே வாசகம். மாற்றம் எதுவும் இல்லை.

10:31. அதே வாசகம், தடித்த எழுத்தில்.

10:44. 'எல்லாரும் கவனிக்கவும். தங்கலுக்குப் போக வேண்டாம்.'

10:52. 'தெரியுதா'

11:03. 'யாருக்காவது தெரியுதா'

11:16. 'மாதாவே'

11:27. மறுபடியும் முதல் வாசகம். ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை.

கம்ப்யூட்டரை மூடிவிட்டு மாடிக்குப் போய்த் துணி காயப்போட்டேன். துணிகளை ஏற்கெனவே பிரமிளா காயப்போட்டிருந்தாள். எடுத்து மறுபடி காயப்போட்டேன்.

நவம்பர் 14, வெள்ளி

தெரியுதா, தெரியுதா என்று காலையிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. பல் தேய்க்கும்போதும் சாப்பிடும்போதும்.

நவம்பர் 15, சனி

டெய்சிக்குப் பயிற்சி கொடுத்தவன் நான். இரண்டு நாள் சங்க அலுவலகத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுத்தேன். நல்ல பெண், கேள்வி நிறையக் கேட்பாள். "சேவ் பண்ணின பெறவு பக்கத்துல வரல்லேன்னா என்ன சார் செய்யணும்?" என்று கேட்டாள். "கேஷ், அதாவது முன்னாடி சேத்து வச்ச பக்கம், பழசா இருக்கும். அரை மணி நேரம் பொறுங்க, தானா வரும். பயந்துட்டு ஒவ்வொண்ணுக்கும் என்னைக் கூப்பிடாதீங்க" என்றேன். கேஷை அழிக்கிற பொத்தான் ஒன்று இருக்கிறது. அதை அவளுக்குக் காட்டவில்லை. எதையாவது அழுத்திக் கெடுத்துவிடுவாள் என்று பயம்.

ஆகவே அவள் பொறுத்திருக்கிறாள். அரை மணி நேரம் பொறுத்துவிட்டுக் கூப்பிட்டும் இருக்கிறாள். பழைய போனைத் தேடி எடுத்துச் சார்ஜ் போட்டுப் பார்த்தேன். 10:50, 10:58, 11:05, 11:20. நான்கு தவறிய அழைப்புகள்.

அன்று எங்கள் வீட்டுப் பால்காய்ச்சு. அறுபது பேர் வந்திருந்தார்கள். மேளச் சத்தம். போன் அடித்தது கேட்கவில்லை.

நவம்பர் 17, திங்கள்

இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

சோதனைப் பிரதியில் அந்த வரியை மறுபடி சேர்த்துப் பார்த்திருந்தேன், நிபந்தனையோடு. சரியாக வேலை செய்தது. பிறகு புது ரீஜன்கள் மூன்றையும் உண்மையான தளத்துக்கு ஏற்றினேன். டெம்ப்ளேட் ஒரே கோப்புதானே, அந்த வரியும் சேர்ந்து போய்விட்டது. கவனக்குறைவு. காலை பத்தரைக்கு மரியான்துறையில் ஏலக் கொட்டகை டிவியில் சிவப்புப் பட்டை வந்தது. இன்று மாலை முதல் கடல் கொந்தளிக்கும். தேதி இல்லை, 'இன்று' என்றுதான் இருந்தது. கீழே எழுதியவர் பெயர் மட்டும் இருந்தது.

பெண்கள் கரைக்கு ஓடியிருக்கிறார்கள். போன வருஷத்துக்குப் பிறகு வள்ளங்களில் வைத்த வயர்லெஸ்ஸில் கூப்பிட்டுக் கூப்பிட்டு, கடலில் இருந்த பதினான்கு வள்ளங்களையும் வலையைப் பாதியில் இழுத்துக்கொண்டு வரவைத்துவிட்டார்கள். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்ததாம். ஒரு அம்மா மயங்கி விழுந்தாராம்.

நான் பதறிப்போய் வரியை எடுத்தேன். பட்டை மறைந்தது. ஐந்து நிமிஷத்தில் வில்பிரட் அண்ணன் போன்.

"லேய் தம்பி, அது யாருக்க வேலைன்னு தெரியுமா? டெய்சிக்க பேரு கெடக்கு அதுல. போட்டோ எடுத்து வச்சிருக்கேன். பழைய பாஸ்வேர்ட வச்சு உள்ள நொழஞ்சிருக்கா. ஓராண்டு வருதில்லியா, நான் அன்னைக்கே போட்டேனாக்கும்ன்னு காட்டுறதுக்கு நாடகம் ஆடுதா. எல்லாரையும் சாவடிக்கப் பாத்தாளே!"

"அண்ணே..."

"வியாழக்கிழமை கமிட்டி கூடுது. அவளுக்க மாப்பிள்ளைய சங்கத்துலேருந்து வெலக்கப் போறோம். கரையில வள்ளம் இறக்க முடியாது, ஏலத்துல மீன் வைக்க முடியாது. வேற ஊரு பாத்துப் போவட்டும். நீ அந்தப் பாஸ்வேர்ட மட்டும் மாத்திப் போடு."

"பாக்கறேண்ணே" என்றேன்.

பாக்கறேன். அவ்வளவுதான் வாயிலிருந்து வந்தது. நான் கோழை. இதை எழுதுவதற்குக்கூட எனக்குப் பதினைந்து நாள் ஆகியிருக்கிறது.

நவம்பர் 18, செவ்வாய்

டெய்சி கூப்பிட்டாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்தப் பெயர் திரையில். எடுத்தேன்.

"சார், நான் டெய்சியாக்கும். சுகமா இருக்கியளா?"

சுகமா என்று கேட்கிறாள்!

"சார், நான் எதையும் தொடல்ல. பாஸ்வேர்டே எனக்கு ஞாபகத்துல இல்ல. ஆனா அது எனக்க எழுத்துதான். போன வருஷம் நான் எழுதினது. எப்பிடி சார் இப்ப வந்துச்சு? ஒங்களுக்கு மட்டுந்தான் தெரியும். நீங்க ஒரு வார்த்த சொன்னா எல்லாரும் கேப்பினும்."

"பாத்துட்டுச் சொல்றேம்மா" என்றேன்.

"சரி சார். ஒங்களுக்கு வேலை இருக்கும். மெதுவா சொல்லுங்க" என்று வைத்துவிட்டாள்.

நவம்பர் 19, புதன்

எட்டையும் அச்செடுத்தேன். ஒரு பக்கத்துக்கு ஒன்று. என் பெயர் போட்ட குறிப்போடு டெம்ப்ளேட்டையும் எடுத்தேன்.

பிரமிளாவிடம் சொன்னேன். வெள்ளிக்கிழமை, வீட்டுக்கு ஒரு வருஷம் ஆவதற்காகப் பத்துப் பேரைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். கேட்டு முடித்துவிட்டு, ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வர வேண்டாம் என்று சொன்னாள். பிறகு, "போன் வந்தது எனக்கு ஞாபகம் இருக்கு" என்றாள்.

நவம்பர் 20, வியாழன்

மரியான்துறைக்குப் பஸ்ஸில் போனேன். நான்கு மணிக்குப் பங்கு மண்டபத்தில் கூட்டம். நூறு பேருக்கு மேல் இருப்பார்கள். முன்வரிசையில் செத்தவர்களின் வீட்டார். பனியம்மாள் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார். டெய்சியும் கணவரும் கதவுக்குப் பக்கத்தில் நின்றார்கள். அவர்களுக்கு நாற்காலி போடவில்லை. அந்தக் கணவரின் கையை நான் பார்த்தேன். ஜஸ்டஸின் தோளில் இருந்த அதே விரல்கள்.

வில்பிரட் அண்ணன் பேச ஆரம்பிப்பதற்கு முன்பே எழுந்து நின்றேன். காகிதங்களை நீட்டினேன். பிறகு எப்படியோ சொன்னேன். டெய்சி அன்றைக்கே எச்சரிக்கை போட்டார். எட்டு முறை போட்டார். அது திரையில் வராமல் போனதற்குக் காரணம், நான் எடுத்துவிட்ட ஒரு வரி. திங்கட்கிழமை வந்ததும் அவர் செய்ததில்லை, நான் செய்தது. எட்டையும் நேரத்தோடு வாசித்தேன். 'யாருக்காவது தெரியுதா' என்று வாசித்தபோது முன்வரிசையில் ஒருவர் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

வில்பிரட் அண்ணன்தான் எழுந்தார். அவர் முகம் கறுத்துப் போயிருந்தது. ஒரு வருஷமாக அந்தப் பெண்ணைத் திட்டியவர் அவர்.

"அப்பம் இது கம்ப்யூட்டர் கோளாறு. மெஷின் செஞ்சதுக்கு யாரக் குத்தம் சொல்ல? தம்பி வந்து சொன்னான், அவன் பெருந்தன்மை. டெய்சி மேலயும் தப்பில்ல. இதோட விடுவோம்" என்றார்.

பலரும் தலையாட்டினார்கள். எனக்கு உட்கார்ந்துவிடலாம் என்றிருந்தது. வழியைத் திறந்துவிட்டார், நடந்து வெளியே போனால் போதும்.

அப்போது பனியம்மாள் வாயைத் திறந்தார். ஒரு வருஷமாகப் பேசாத குரல், கரகரவென்று வந்தது.

"எழுத்து வரல்லேன்னா காலு இல்லியா? பத்தேகாலுக்கே தெரிஞ்சிருக்கு அவளுக்கு. கரை எம்புட்டுத் தூரம்? ஓடி வந்து ஒரு சத்தம் போட்டிருந்தா எனக்க பிள்ள வள்ளத்த விட்டு எறங்கியிருப்பானே. பதினொன்னரை வரைக்கும் என்ன செஞ்சிட்டிருந்தா?"

எல்லாத் தலைகளும் மறுபடி கதவுப் பக்கம் திரும்பின. டெய்சி தன்னைத்தானே தினமும் கேட்டுக்கொண்ட கேள்வி அது என்று அவள் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

"அவங்க காத்திருந்தாங்கம்மா" என்றேன். "நான்தான் காத்திருக்கச் சொல்லிக் குடுத்தேன். வரலேன்னா அரை மணி நேரம் பொறுக்கணும், தானா வரும்னு சொன்னேன். அவங்க என் பேச்சை நம்பினாங்க. பொறுத்துப் பாத்துட்டு எனக்குப் போன் பண்ணினாங்க. நாலு தடவ. முதல் தடவை எடுத்திருந்தா, கரைக்கு ஓடுங்கன்னு சொல்லியிருப்பேன். நாப்பது நிமிஷம் இருந்திருக்கு."

"ஏம் எடுக்கல்ல?" என்று கேட்டார் பனியம்மாள்.

மேளச் சத்தம் என்று சொல்ல வாய் போனது. இந்த நோட்டில்கூட அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறேன். மேளக்காரர்கள் பத்து மணிக்கே சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

"கேட்டுச்சும்மா" என்றேன். "நாலு தடவையும் கேட்டுச்சு. பேரையும் பாத்தேன். விசேஷ வீட்டுல எதுக்கு இந்தத் தொந்தரவுன்னு போனைக் கவுத்து வச்சேன்."

யாரோ நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்கள். அடிக்க வருகிறார்கள் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வில்பிரட் அண்ணன் குறுக்கே வந்து நின்றார். அதற்குள் பனியம்மாள் சுவரைப் பிடித்து எழுந்து, யாரையும் பார்க்காமல், கதவு வரைக்கும் நடந்துபோய் டெய்சியின் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்த கையை விடவில்லை.

டெய்சி மாமியாரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டுச்சா சார்?" என்றாள். கோபமே இல்லாத குரல். "கேக்கல்ல போலன்னுல்லா நான் நெனச்சேன். ஒங்களப் பத்தி வீட்டுல யாரு என்ன சொன்னாலும், சாருக்குக் கேக்கல்ல, கேட்டிருந்தா எடுத்திருப்பாருன்னு ஒரு வருஷமா சொல்லிட்டிருந்தேன்."